ராணி, ஆறு, நாலு

மார்ச் 4

கேசினோவில் பிளாக்ஜாக் சீட்டு மேசையிலிருந்து என்னை மூணு சீட்டு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவின் இந்த ரீனோ ஊருக்குப் பனி பார்க்க வருகிறவர்களெல்லாம் இந்த மேசையில்தான் வந்து விழுகிறார்கள். நாள் முழுக்க ஒரே பாட்டு: முதலில் ஒரு பந்தயம். உங்களுக்கு மூன்று சீட்டு, எனக்கு மூன்று. உங்களுடையதைப் பார்த்துவிட்டு, ஒன்று கவிழ்த்துவிட்டுப் பந்தயத்தை விட்டுவிடுங்கள், இல்லை அதே அளவு இன்னொரு பந்தயம் வையுங்கள். என்னிடம் ராணியாவது இல்லையென்றால் என் கை செல்லாது. அப்போது குப்பையை வைத்து இரண்டாவது பந்தயம் கட்டியவருக்கும் முதல் பந்தயத்துக்குக் காசு கிடைக்கும். கையில் ராணி, ஆறு, நாலு, அல்லது அதற்கு மேல் இருந்தால் வையுங்கள். கீழே என்றால் கவிழ்த்துவிடுங்கள். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

"இதைப் போய் எங்களுக்குச் சொல்லித் தர்றீங்களே, உங்க முதலாளி திட்ட மாட்டாரா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"தாராளமா சொல்லலாங்க. அப்பவும் அவருதான் ஜெயிப்பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே தோற்றுவிட்டுப் போனார்.

மார்ச் 8

சீருடை வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பொத்தான் போட முடியவில்லை. ஊக்கு குத்திக்கொண்டேன். ஐந்தாவது மாதம். இந்த மாதக் கடைசியில் இந்தப் புது வேலையின் புரொபேஷன் காலம் முடிகிறது. அதற்குப் பிறகுதான் மருத்துவக் காப்பீடு. என் வீட்டுக்காரர் ரோமெலின் ஹோட்டல் சமையல் வேலையில் அதெல்லாம் கிடையாது. அதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. புரொபேஷனில் இருப்பவளை அனுப்ப இவர்களுக்குக் காரணம் எதுவும் வேண்டாம். "சரிப்படலை" என்று ஒரு வார்த்தை போதும். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. இந்தத் தடவை மருத்துவமனை இல்லாமல் நடக்காது.

ரோமெல் சொல்கிறார், "சொல்லிடு மரி, மனுஷங்கதானே அவங்களும்." மனுஷங்களாம்! அவர் இன்னும் சூப்பர்வைசர் டுவெய்னின் முகத்தைப் பார்த்ததில்லை.

மார்ச் 13

வெண்டல் என்று ஒரு வாடிக்கையாளர். ஒட்டகம் மாதிரி உயரம், ஆனால் நாற்காலியில் சரிந்து, கன்னம் மேசையைத் தொடுகிற மாதிரி உட்காருகிறார். முதுகு வலியாம். நான் எந்த மேசைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறார். நிறைய டிப்ஸ் வைக்கிறார். டிப்ஸ் முழுவதும் ஒரே பெட்டிக்குப் போய் எல்லாருக்கும் பங்காவதால், சீட்டு போடும் டீலர்கள் அத்தனை பேருக்கும் அவர் செல்லப்பிள்ளை.

"உன் மாப்பிள்ளை வந்தாச்சுடி" என்று கிண்டல் செய்கிறாள் லிகாயா அக்கா. என்னைப் போலப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, எனக்கு முன்பே இங்கே சேர்ந்த ஒரே ஆள். "அவர எப்படியாவது பிடிச்சு வச்சுக்கோ, வாடகை கட்டணும்."

எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. இருக்கக் கூடாதா?

மார்ச் 17

ஒரு விஷயம் உறுத்துகிறது.

கவிழ்த்த சீட்டுகளை மூன்றுதானா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓரமாக வைப்போம். அப்படி விரித்தபோது பார்த்தேன் — வெண்டல் ராஜா, பத்து, ஐந்தைக் கவிழ்த்திருக்கிறார். நேற்றுப் பிறந்த குழந்தைகூட அதற்குப் பந்தயம் வைக்கும். என் கையில் இருந்தது ராஜாவுக்கும் மேலான ஏஸ்.

மறந்திருப்பார். வயசாகிறதல்லவா.

மார்ச் 18

மறக்கவில்லை. இன்று ஒன்பது, ஏழு, இரண்டை வைத்துக்கொண்டு இரண்டாவது பந்தயம் வைத்தார். என் கை செல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ராஜாவும் ஜாக்கியும் இருந்த கையைக் கவிழ்த்தார். அப்போதும் என்னிடம் ஏஸ்.

அவருக்கு என் சீட்டு தெரிகிறது. கடவுளே, தெரிகிறது!

சூதாட்டத்தில் கண்ணில் பட்டதைப் பார்ப்பது இந்த ஊரில் குற்றமில்லை. காட்டுகிறவளுக்குத்தான் வேலை போகும். மேலே கேமராவில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இவளும் அவரும் கூட்டு என்றுதானே? டிப்ஸ் வேறு அப்படிக் கொட்டுகிறார்!

மார்ச் 20

வேலைக்கு முன்னால், ஆளில்லாத மேசையில் லிகாயா அக்காவைத் தாழ உட்காரச் சொல்லிவிட்டு, சீட்டு கலைக்கும் இயந்திரத்திலிருந்து என் மூன்று சீட்டை உருவிக் காட்டினேன்.

"அடி சீட்டு தெரியுதுடி. டைமண்ட் எட்டு. ஏன் இவ்ளோ தூக்குற? மேசைய ஒட்டி நின்னு, துணியோட துணியா இழு."

"ஒட்டி நிக்க முடியலக்கா."

"ஏன் முடியல?"

என் கை ஊக்குக்குப் போனது. அக்கா எழுந்து வந்து என் வெயிஸ்ட்கோட்டின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. "அடிப்பாவி, இத்தன நாளா எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள். அழுதுவிட்டேன். மஸ்காராவெல்லாம் வழிந்து, பேய் மாதிரி இருந்தேனாம்.

மார்ச் 21

வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு சீட்டு போட்டேன். வெண்டலுக்கு எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் மாதிரியே ஆடித் தோற்றார். எழுந்தபோது பெரிய டிப்ஸ் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "முன்ன நின்ன மாதிரியே நில்லுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

படுபாவி. நான் கண்டுபிடித்தது அவருக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரத்தம். ஒரு துளிதான். ஒரு துளிதான்.

மார்ச் 22

நின்றுவிட்டது. கிளினிக்கில் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். இனிமேல் எதன் மேலும் வயிற்றை அழுத்தக் கூடாது என்றார்கள்.

தள்ளி நின்றால் சீட்டு தெரியும். ஒட்டி நின்றால் பிள்ளைக்கு ஆபத்து. வாயை மூடிக்கொண்டிருந்தால் கேமரா அறையே என்னைக் கூட்டுக் களவாணி ஆக்கிவிடும். வாயைத் திறந்தால் புரொபேஷனிலேயே வேலை போகும். என்ன கை இது?

புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்வதே இல்லை. ராணி, ஆறு, நாலு ஜெயிக்கிற கை இல்லை. அதை வைத்து ஆடினாலும் பெரும்பாலும் தோல்விதான். கவிழ்த்தால் போவதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும், அதனால்தான் வைக்கச் சொல்கிறோம். இங்கே வருவதற்கு முன் வேறு இடங்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு வருடமாகச் சீட்டு போடுகிறேன். ஒரு பந்தயம்கூட வைத்ததில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 24

சொல்லிவிட்டேன். டுவெய்னின் அறையில், நின்றுகொண்டே.

"எந்த நாற்காலியிலிருந்து தெரியுது?"

"மூணாவது. வெண்டல் உக்கார்றது."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ராஜா பத்து அஞ்சைக் கவுத்தாரு. எங்கிட்ட ஏஸ் இருந்துச்சு."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "சரி, ஏன் மேசையவிட்டு அவ்ளோ தள்ளி நிக்கிற?"

லிகாயா அக்காவின் கையை நினைத்துக்கொண்டேன். "வயித்துல குழந்தை இருக்கு. அஞ்சு மாசம்."

பேனாவை மூடி வைத்தார். "கேமரா அறைல நீங்க ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லிட்டிருக்காங்க. அது தெரியுமா உனக்கு?"

"அப்படித்தான் நினைப்பாங்கன்னு தெரியும்."

"வீட்டுக்குப் போ. கூப்பிடுறேன்."

மார்ச் 25

கூப்பிடவில்லை.

மார்ச் 26

கூப்பிடவில்லை. ரோமெல் சோறு வடித்து மீன் வறுத்து வைத்தார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மார்ச் 28

கூப்பிட்டார். வெண்டலோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று கேமரா அறைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்களாம். ஆனால் சீட்டு மேசை இனிக் கிடையாது. லாட்டரி மாதிரி கீனோ எண் விற்கிற கவுண்டரில் உட்காரும் வேலை. டிப்ஸ் பங்கும் கிடையாது. சம்பளம் ஏறக்குறைய பாதி. காப்பீடு உண்டு, ஒன்றாம் தேதியிலிருந்து.

போனை வைத்ததும் ரோமெலைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அப்புறம் பாதிச் சம்பளத்தை நினைத்து மறுபடியும் அழுதேன். இரண்டும் நிஜம்தான்.

ஏப்ரல் 19

மூணு சீட்டு மேசைக்குப் புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். கஸ் என்று பெயர், முன்பு பஸ் ஓட்டியவராம், ஐம்பது வயதிருக்கும். என் கவுண்டரிலிருந்து நேராகத் தெரிகிறது. பார்த்தது குற்றமில்லை என்பதால் வெண்டலை யாரும் வெளியே அனுப்பவில்லை; அதே மூன்றாவது நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். கஸ் மேசையைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, சீட்டைத் தூக்கித் தூக்கி உருவிக்கொண்டிருந்தார். பீர் குடித்து வளர்த்த தொப்பை. என்னுடையதைவிடப் பெரிது. அதை ஊக்கு குத்தி மறைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! எழுந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, நடு ஹாலைத் தாண்டி அந்த மேசைக்கே போய் நின்றேன்.

"தொப்பைய எக்கிட்டு முன்னாடி வாங்கண்ணே" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உங்க ராணி அந்த ஓரம் வரைக்கும் தெரியுது."

மேசையே சிரித்தது. வெண்டல் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.