ஏழாம் எண் தாதிக்கு

இன்று காலை என் அறையின் இரும்பு அலமாரியைக் காலி செய்தேன். கல்லூரியில் எங்களை மேல்மாடிக்கு மாற்றுகிறார்கள். பழைய ஆய்வுப் படிவங்களை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. எந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். அதுதான் விதி. அந்த விதியை வருடா வருடம் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவளும் நான்தான், நீ கேட்டால் சிரிப்பாய். கட்டை அவிழ்த்ததும் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மியதில் ஒரு தாள் நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. அதன் பின்பக்கத்தில் நீலப் பேனாவில் உன் கையெழுத்து.

பின்பக்கம்! இத்தனை வருடத்தில் ஒரு படிவத்தையாவது நான் திருப்பிப் பார்த்திருப்பேனா? எண்ண வேண்டிய டிக் எல்லாம் முன்பக்கத்தில்தானே இருந்தது. நீ என்ன எழுதி வைத்தாய் என்று உனக்குத் தெரியும். எனக்குத்தான் இன்றைக்குத் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தவளுக்கு என்ன மடல் என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். பயிற்சிக் காலத்தில் நாம் இருவரும் முதன்முதலாக, இறந்துபோன ஓர் அம்மாவின் உடலைத் துடைத்தோமே, நினைவிருக்கிறதா? நான் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். நீயோ அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டே துடைத்தாய். "கையக் கொஞ்சம் தூக்குறேம்மா. இவ்ளோ நாளு பொறுத்துட்டீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்." யாரிடம்டி பேசுகிறாய் என்று நான் கிசுகிசுத்தேன். நீ நிமிராமலே சொன்னாய்: "அவங்களுக்குக் கேக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒரே பஸ் ஏறித் தாதிப் பயிற்சிக்குப் போனவர்கள் நாம். அதற்கு அப்புறம் நீ வார்டிலேயே நின்றாய். நான் மேலே படிக்கப் போனேன். பரிவோடு நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஆராய்ச்சி செய்வதற்கு நான் உன் வார்டுக்கே திரும்பி வந்தபோது உனக்கு எவ்வளவு பெருமை! "எங்க லயத்துப் புள்ள லா, டாக்டர் பட்டம் வாங்கப் போவுது" என்று எல்லாரிடமும் சொன்னாய். ஒப்புதல் தாளை நான் வரிக்கு வரி வாசித்தேன். உங்கள் அடையாளம் எக்காரணம் கொண்டும் வெளியே தெரியாது என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். நீ கொட்டாவி விட்டாய். "நீ எழுதுனதுதானே, என்னாத்தக் கேக்குறது? எங்க கையெழுத்துப் போடணும், அதச் சொல்லு." உனக்கு ஏழாம் எண் கொடுத்தேன்.

வேலை சுலபமானதுதான். வார்டு மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாதி நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசினாரா, பெயர் சொல்லி அழைத்தாரா, அனுமதி கேட்டுத் தொட்டாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பதினோராவது கட்டம்: குரலை உயர்த்தினார் அல்லது கடுமையாகப் பேசினார். நோயாளி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்க்கக் கூடாது, குரல் உயர்ந்தால் டிக். பார்க்கிறவள் எதிலும் தலையிடவும் கூடாது.

அன்றைக்கு மூன்றாம் கட்டிலில் ரப்பர் பால்வெட்டுக்காரத் தாத்தா ஒருவர் இருந்தார். இரண்டு நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. நீ தட்டோடு போய் இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"என்னா தாத்தா, மக வந்து ஊட்டுனாத்தான் எறங்குமா? நான் குடுத்தா தொண்டைல முள்ளு குத்துதா? வாயத் தொறங்க. நாலு வாயி. அப்பறம் என்னைய எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க."

வார்டு முழுக்கக் கேட்டது. தாத்தா பொக்கை வாயால் சிரித்தார். "ராட்சசி" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். நான்கு வாய் இல்லை, தட்டுக் காலி.

நான் பதினோராவது கட்டத்தில் டிக் போட்டேன்.

எனக்குத் தெரியாதா? நம் அம்மாக்கள் நம்மைத் திட்டித்தானே ஊட்டினார்கள். அந்தக் குரலில் வளர்ந்தவள்தானே நானும். ஆனால் என் ஆய்வு மேற்பார்வையாளர் என்னிடம் சொல்லியிருந்தார், நானும் தோட்டத்துப் பெண், என் பாசம் ஆய்வுக்குள் வந்துவிடக் கூடாது என்று. வராமல் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, சீ. கொஞ்ச நேரம் கழித்துத் தாத்தா என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நீ எங்கிருந்தோ ஓடிவந்து கொடுத்தாய்.

அன்று நடுவில் ஒருமுறை, படிவத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்தேன். பிறகு மதியம் தாண்டி என்னைக் கடந்து போகும்போது நீ நின்று கேட்டாய்: "குடிச்சியா?"

"எதை?" என்றேன்.

நீ ஒரு நொடி என்னையே பார்த்தாய். அப்புறம் சிரித்துவிட்டு, "ஒன்னுமில்ல, எழுது எழுது" என்று போய்விட்டாய்.

மற்றது உனக்குத் தெரிந்ததுதான். ஆய்வு முடிவை மருத்துவமனைக் கூட்டத்தில் நான்தான் படித்தேன். உன் வார்த்தைகளை ஆங்கிலத்தில் மாற்றித் திரையில் போட்டேன், கீழே 'ஏழாம் எண் தாதி, தமிழிலிருந்து மொழிபெயர்ப்பு' என்று எழுதி. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் எவ்வளவு குரூரமாக இருந்தது தெரியுமா? தாத்தாவின் சிரிப்பு அதில் எங்கே இருந்தது? அந்த வார்டில் தமிழ்த் தாதிகள் இரண்டே பேர், மற்றவள் வாயே திறக்க மாட்டாள். தாதிகளுக்குத் தலைவியான மேட்ரன் மெல்லத் திரும்பி மூன்றாம் வரிசையில் இருந்த உன்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். நீ குனிந்து உன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முதலில் நல்லபடி பேசுவது எப்படி என்று ஒரு வாரப் பயிற்சி. அப்புறம் மாற்றல், கோலா கிளாவாங் பக்கம், குழந்தைகளுக்கு ஊசி போடும் வேலை. கட்டிலும் இல்லை, கஞ்சியும் இல்லை, ஊட்டிவிட யாரும் இல்லை. போகும் முன் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தாய். நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ மெதுவாகப் பேசினாய், என் வாழ்நாளில் அதைவிடப் பயந்ததில்லை.

"பேர மறச்சே, சரி. என் வாயை மறைக்கலியேடி."

அப்போதாவது மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "டேட்டா அப்படித்தான் வந்திச்சு." டேட்டாவாம்! எனக்குப் பட்டம் கிடைத்தது. சிரம்பானில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. தீபாவளிக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவேன், நீ ஒரு பூப்படம் அனுப்புவாய். அவ்வளவுதான் நம் உறவு.

போன வருடம் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வயிற்றில் புற்று, முற்றிவிட்டது என்றார். அன்று மதியமே மருத்துவமனைக்கு ஓடிவந்தேன். உன் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. உன்னைப் பார்த்துக்கொண்ட தாதி என் மாணவி. உன் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசினாள், பெயர் சொல்லி அழைத்தாள், கேட்டுவிட்டுத் தொட்டாள். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. என் படிவத்தில் முழு மதிப்பெண். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள், நீ வேண்டாம் என்றாய், சரி என்று புன்னகையோடு தட்டை எடுத்துப்போய்விட்டாள்.

"நல்ல புள்ள. ஒன் புள்ளதானே?" என்றாய். குரலில் குத்தல் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "எல்லாம் சரியாத்தான் செய்யுது லா. ஆனா வேணாம்னு சொன்னா, வேணாம்னு எழுதிட்டுப் போயிருது. மூனு நாளா போயிருது."

நான் போய்த் தட்டைத் திரும்ப வாங்கிவந்தேன். ஒரு கரண்டி கஞ்சியை எடுத்தேன். "கொஞ்சம் சாப்பிடுகிறாயா?" என்றேன், வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "ஏய், என்னையத் திட்டி ஊட்டுடி."

என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நம் அம்மாக்களின் அந்தக் குரலை எனக்குள் தேடிப் பார்த்தேன், காணவில்லை. வருடக்கணக்காக டிக் போட்டு டிக் போட்டு நானே அதைத் துரத்திவிட்டிருந்தேன். கடைசியில் நீதான் என் கையைப் பிடித்துக் கரண்டியை உன் வாய்க்குக் கொண்டுபோனாய். "அழுவாத. இந்தா, தின்னுட்டேன் பாரு." இரண்டு வாய், எனக்காக. ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். ஊட்ட வந்த அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த முறை வரும்போது கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பின்பக்கத்துக்கு வருகிறேன். நான் கழிப்பறைக்குப் போன நேரத்தில் படிவத்தை எடுத்திருக்கிறாய். முன்பக்கத்தில் உனக்கு எதிராக நான் போட்டிருந்த டிக்கையெல்லாம் பார்த்திருக்கிறாய். பார்த்த பிறகு, அதையே திருப்பி இதை எழுதியிருக்கிறாய்:

"பார்வையாளர் எண் 1. காலையிலேர்ந்து இப்பத்தான் நாக்காலிய விட்டு எழுந்திரிச்சிருக்கு. தாத்தா தண்ணி கேட்டும் எழுந்திரிக்கல. பச்சத்தண்ணி பல்லுல படல, மூஞ்சி வெளுத்துப் போச்சி. பேன்ட்ரியில மைலோ கலக்கி தட்டுப் போட்டு மூடி வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள போயி குடி, கழுத. கழுதன்னு சொன்னதுக்குப் பதினோராங் கட்டத்துல இன்னொரு டிக்கு போட்டுக்க."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மைலோவை வேலை முடிந்து போகும்போது நீயே கொட்டியிருப்பாய். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாய். மற்ற படிவங்களையெல்லாம் எந்திரத்தில் போட்டேன், இந்த ஒன்றை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விதிமீறல்தான். இருக்கட்டும்.

அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். இல்லடி, குடிக்கவில்லை. காலையிலிருந்து இன்றைக்கும் ஒன்றும் சாப்பிடவில்லை. வந்து என்னைக் கொஞ்சம் திட்டேன்.