ஜொனதனின்ரை ஞாயிற்றுக்கிழமை

உரும்பிராய்,
திங்கட்கிழமை பின்னேரம்.

அன்புள்ள கேதீஸ் அண்ணைக்கு,

என்ரை போனைத் தவிர நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். போன் அம்மாவின் அலுமாரிக்குள் விளக்கமறியலில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். கனடாவுக்கு வரும் சின்னத்தங்கம் மாமியிடம் அம்மா கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் பொதிக்குள் இதைச் செருகுகிறேன். வாசிக்கும்போது கண் கலங்கினால் தூளில் பழியைப் போடுங்கோ.

வழக்கு இதுதான். என்னோடு உயர்தரம் படிக்கும் உடுவில் ஜொனதனைத் தெரியும்தானே, எங்கடை வீட்டில் ஒரே இருப்பில் பதினொரு கொழுக்கட்டை சாப்பிட்டவன். மூன்று தவணையாக வகுப்பில் அவன் முதலாம் பிள்ளை, நான் இரண்டாம் பிள்ளை. அதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாடப்புத்தகம் திறக்கக்கூடாது. அவனுடைய அப்பப்பா காலத்துச் சட்டமாம். காலமை சேர்ச், மத்தியானம் சோறு, பிறகு விறாந்தையில் நித்திரை, பின்னேரம் கீரிமலைக் கேணியில் நீச்சல். அவனுக்கு அது ஓய்வு நாள். எனக்கு ஓயாத நாள். எட்டு மணிக்குப் பௌதிகம், பத்தரைக்கு இரசாயனம், இரண்டு மணிக்குக் கணிதம். நான் ஏழு நாளும் உழ, அவன் ஆறு நாளில் அறுவடை செய்கிறான். எனக்கு எரிந்த எரிச்சலில் அம்மா சமைத்திருந்தால் காஸ் மிச்சம்.

கள்ளமாகப் படிக்கிறான் என்றே நினைத்தேன். நேற்று ஞாயிறு, கணித வகுப்புக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டு, அவனைக் கையும் புத்தகமுமாகப் பிடிக்க உடுவிலுக்குச் சைக்கிள் மிதித்தேன். புத்தகம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு நித்திரை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ரை போனில் பத்து நிமிசத்தில் சேவல் கூவ அலாரம் வைத்து, அவன் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, கூத்தைப் பார்க்க மாமரத்தடி வாங்குப் பலகையில் சாய்ந்தேன்.

சேவல் கூவ முதல் நான் சரிந்துவிட்டேன்.

மிச்சம் ஜொனதனின்ரை அம்மா பியாட்றிஸ் அன்ரி சொல்லித்தான் தெரியும். சேவல் கூவினதாம், மகன் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தானாம். பிறகு அதே போனுக்கு எங்கடை அம்மா எடுத்திருக்கிறா, என்னைக் காணவில்லை என்று கணித சேர் அறிவித்ததால். பொய் சொல்லத் தெரியாத அந்தப் பிள்ளை, ஓம் அன்ரி, ரூபன் எங்கடை வாங்கிலை நல்ல நித்திரை, எழுப்பட்டோ எண்டு கேட்டானாம். வேண்டாம் தம்பி, நானே வந்து எழுப்புறன் எண்டு அம்மா சொன்னாவாம். வந்து எழுப்பினா. அதை விபரிக்கத் தாள் காணாது.

ஆனால் அண்ணை, நாலு நாளாகச் சண்டித்தனம் பண்ணிய ஒரு கணக்கு நேற்றுப் பின்னேரம் பத்து நிமிசத்தில் வழிக்கு வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அது நித்திரையாலை வந்த விடை இல்லை, ஏச்சாலை வந்த விடை எண்டு சொல்லிவிட்டா. இனி ஞாயிறு விடிய ஐந்து மணிக்கும் ஒரு வகுப்பாம். ஞாயிறு பின்னேரத்தை மட்டுமாவது விடச் சொல்லிக் கெஞ்சினேன். கொண்ணன் கனடாவிலை ஏழு நாளும் வேலைக்குப் போறான், அவன் படுக்கிறானோ எண்டு கேட்டா.

அதற்குப் பதில் என்ரை போனுக்குள் இருந்தது. போன மாதம் வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, கையில் கடித்த பாண் துண்டோடு நித்திரையாகிப் போனீங்கள். பெடியளுக்கு அனுப்பிச் சிரிக்கலாம் என்று படம் பிடித்தேன். உங்கடை வாயும் ஜொனதனின்ரை வாய் மாதிரித்தான் திறந்திருந்தது. முகம்தான் அவன்ரை மாதிரி இல்லை. ஒருவருக்கும் அனுப்பவில்லை. இப்ப அந்தப் படமும் போனோடு அலுமாரிக்குள் இருக்கிறது. அம்மா இன்னும் பார்க்கவில்லை.

ஜொனதனில் எனக்கு இப்பவும் எரிச்சல்தான். அவன்ரை புள்ளிக்கு இல்லை, அந்த நித்திரைக்கு.

அம்மாவிடம் உங்கடை சொல்தான் எடுபடும். வாற ஞாயிறு வேலைக்குப் போகாதேங்கோ. மத்தியானம் வடிவாகச் சாப்பிட்டுப் படுங்கோ. தன்பாட்டில் முழிப்பு வந்த பிறகு, எந்த நேரமென்றாலும் அம்மாவுக்கு எடுத்து, நான் இண்டைக்குப் படுத்தனான் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நீங்கள் படுத்தால்தான் என்னைப் படுக்க விடுவா.

முழுக்க முழுக்க என்ரை சுயநலத்துக்குத்தான் கேட்கிறேன். வேறை ஒன்றும் நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டிலும் வகுப்பிலும் இரண்டாம் பிள்ளையான
உங்கள் தம்பி
ரூபன்