கோணல் விரல்

ஏப்ரல் 3, வெள்ளி

கருப்புச் சட்டை போட்டேன். படுக்கையறைச் சுவரில் கருப்புப் போர்வையை மாட்டி, போனை அலமாரியில் சாய்த்து வைத்தேன். அலுவலகம் தயார். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முதலீடு அவ்வளவுதான்: பின்னால் எதுவும் கண்ணை இழுக்கக் கூடாது, கை மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். மோதிரமும் கூடாது. அந்தக் கவலை எனக்கு இல்லை. முடக்குவாதத்தில் விரல் வீங்கி, போன வருடமே மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

போன் திரையில் சுருட்டை வந்தாள். காது கேளாதவள், நிறைமாதம் நெருங்குகிறது. அடுத்த மாதம் பிரசவம். மருத்துவமனைக்குப் போய்வந்த கோபம் விரல் நுனியில் தெறித்தது. "எல்லாரும் முகத்த மூடிக்கிட்டிருக்காங்க. உதடும் தெரியல, முகமும் தெரியல. சுவரோட பேசின மாதிரி இருக்கு. வலி வர்ற அன்னிக்கு நீ போன்ல இருக்கணும்."

வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வாரம் ஒருமுறை முடக்குவாத மாத்திரை போடும் நாள். டம்ளரில் தண்ணீரோடு உட்கார்ந்தபோது கணவர் எதிரே வந்து நின்றார். கதவுப் பிடியைத் துடைத்துத் துடைத்து அதன் பூச்சையே உரித்தெடுத்த மனிதர்.

"இது எதிர்ப்பு சக்திய அமுக்குற மாத்திரையாமே. இந்தக் கொரோனா நேரத்துல போடலாமா? ரெண்டு மாசம் நிறுத்தினா என்ன ஆயிடும்?"

சிரித்தேன். ஆனால் போடவில்லை. பழியை அவர் தலையில் மட்டும் போட முடியாது. எனக்கும் பயம்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

போடவில்லை.

ஏப்ரல் 22, புதன்

பல் துலக்கும் பிரஷ் கையில் நிற்கவில்லை. தலைவலி போய் திருகுவலி வந்த கதைதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

"நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்." இந்த வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை. தலை வாரிவிடுகிறார், பாட்டில் மூடியைத் திறந்து தருகிறார், பால்கனிப் பக்கம் போனால் பின்னாலேயே வருகிறார். அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த அன்புக்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. குழாயைத் திறந்துவிட்டு குளியலறையில் அழுதேன். மூட்டு வீங்கினால் எல்லோரும் விசாரிக்கிறார்கள் — மனசு வீங்கினா எந்த எக்ஸ்ரே படத்துல தெரியும்? அக்கா போனில், "எதையும் நினைக்காம நல்லாத் தூங்கு"ங்கிறா. தூக்கம் என்ன, கூப்பிட்டா வர்ற நாய்க்குட்டியா?

ஏப்ரல் 25, சனி

ஐந்து நிமிடம் பேசியதும் சுருட்டை என்னை நிறுத்தினாள்.

"உன் கை திக்குது."

சுருக்கென்றது. திரையில் என் கையைப் பார்த்தேன். விரல்கள் பாதியில் நிற்கின்றன. ஒரு வார்த்தை முடியும் முன்பே அடுத்தது வந்து இடிக்கிறது. எனக்கு வெளிச்சம் சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள். அதையும் கையாலேயே சொன்னாள், பாவி. அப்புறம் அவள் முகம் மாறியது. "உண்மையச் சொல்லு. வேற ஆள் பாக்கட்டுமா?"

நியாயமான கேள்வி. அவள் உயிர், அவள் குழந்தை.

"நான்தான் வருவேன்," என்றேன்.

உடனே மூட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "யாரக் கேட்டு நிறுத்தினீங்க? நோய் கட்டுக்கு அடங்காம இருந்தா அதுவும் ஆபத்துதாம்மா. நிறுத்தணும்னா நான் சொல்றேன்." பழையபடி ஆக சில வாரங்கள் பிடிக்குமாம். அதுவரை வீக்கத்துக்குத் தனியாக ஒரு மருந்து எழுதி அனுப்பினார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போட்டேன். அவர் கண் எதிரிலேயே போட்டேன்.

"உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"ஆயிடுச்சுங்க. பாருங்க." மடங்காத கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர். இன்று டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார். அதையும் நானே கழுவியிருப்பேன்.

மே 14, வியாழன்

காலையிலேயே மருத்துவமனையிலிருந்து அழைப்பு, சுருட்டைக்கு வலி வந்துவிட்டது. நர்ஸ் போனைக் கட்டில் பக்கம் நிறுத்தினார். கருப்புப் போர்வை, கருப்புச் சட்டை, நான்.

மணிக்கட்டு பரவாயில்லை. வலது ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர மாட்டேன் என்றது. நிமிராவிட்டால் போ, நீ இல்லாமலே பேசுகிறேன் என்று அதைத் திட்டினேன். மூச்சை விடு. இரு. இப்போது இல்லை. இப்போது! விரலுக்கு வராததைத் தோளால் சொன்னேன், புருவத்தால் சொன்னேன். எங்கள் மொழியில் பாதி இலக்கணம் முகத்தில் இருக்கிறது. என் முகத்தை யாரும் மூடவில்லையே. இடையிடையே கணவர் வெந்நீர்ப் பையை என் கையில் வைத்து வைத்து எடுத்தார். என் கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

பெண் குழந்தை.

களைத்துக் கிடந்த சுருட்டை கையைத் தூக்கினாள். சைகையில் பேசும் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. காதோரம் விரலைச் சுழற்றினால் அவள். கன்னக்குழியைத் தொட்டால் நான். இன்று அவள் கன்னத்தைத் தொடவில்லை. ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்துக் காட்டினாள். "இனி நீ இதுதான்."

"பாவம்னு வச்சியா?"

"இல்ல. தொலைவுலேந்து பாத்தாலும் நீதான்னு தெரியும்."

அழுதுவிட்டேன். இந்த முறை குழாயைத் திறக்கவில்லை. "என்ன சொன்னா?" என்று கேட்டார் அவர். சொன்னேன்.

மே 30, சனி

அவருக்குக் காய்ச்சல். சோதனையில் தொற்று உறுதி. காய்கறியைச் சோப்பு நீரில் குளிப்பாட்டியவருக்கா? வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொன்னார்கள். படுக்கையறை அவருக்கு, கூடம் எனக்கு. என் சோதனை முடிவு வரும்வரை மாத்திரை வேண்டாம் என்றார் மூட்டு டாக்டர்.

"உனக்கு யாரு பாட்டில் மூடி திறப்பா?" என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து.

"நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்."

மூடியைத் துணி சுற்றித் திருகினேன். திறந்தது. பயம் இருக்கிறது. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். கஞ்சி ஆறிவிடும்.

ஜூன் 2, செவ்வாய்

எனக்குத் தொற்று இல்லை. மாத்திரையைத் தொடரலாம் என்றார் டாக்டர்.

ஜூன் 7, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. பேசினால்தான் இருமல் பிடித்துக்கொள்கிறது. போனில் பாதி நேரம் இருமலைத்தான் கேட்கிறேன்.

மதியம் பால்கனிப் பக்கமாகப் போய் அவர் ஜன்னலைத் தட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார், தாடியும் தானுமாக. வாயைத் திறக்கவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கினார், வளைத்தார்.

என் பெயர்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் ஒரு சைகை கற்றதில்லை. "உன் கை வேலை" என்பதோடு சரி. அடுத்து இரு விரலால் எதையோ கிள்ளி எடுத்து வாயருகே கொண்டுபோனார். பாதியில் தடுமாறி, முதலிலிருந்து தொடங்கினார். முடித்துவிட்டு, கேள்வி என்று புரிவதற்காகப் புருவத்தைத் தூக்கினார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வெந்நீர்ப் பையோடு நின்ற அன்று பார்த்திருக்கிறார்.

மாத்திரை போட்டாயா?

இன்னும் போடவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து, அவர் கண் எதிரிலேயே போட்டேன்.

பிறகு, உங்கள் கை திக்குகிறது என்று காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.