வாங்கில் இருந்தவரை நான் காணவில்லை

அன்பு மகள் ஸஹ்ராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோர்வே குளிரில் அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே கிண்ணியாவில் நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, உன் வாப்பா விட்டால்தானே.

உன் ஆராய்ச்சிக்கென்று அனுப்பிய சிவப்பு பச்சைக் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணுக்குச் சிரிக்கிற முகமும் மற்றதற்கு முறைக்கிற முகமுமாக நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அன்று குசினிக் குழாய் உடைந்து தண்ணீர் ஓட வாப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், எனக்கு முறைக்கிற முகம்தான் அதிகம் தெரிந்தது. மனம் இருக்கிற மாதிரித்தான் மூளை சிலதைக் காட்டும், சிலதை மறைக்கும் என்று போனில் சொன்னாய். எனக்கென்ன விசர் பிடிச்சிருக்கா என்று ஏசிப் போனை வைத்தேன்.

போன செவ்வாய் வாப்பாவைத் திருகோணமலைக்குக் கிளினிக் கூட்டிப் போனேன். சீனி வருத்தக் குளிசையை விழுங்கிவிட்டு இடியப்பத்தைத் தொடவேயில்லை, கேட்டால் “டவுனில சாப்பிடுவம், நான் என்ன சின்னப் பிள்ளையா” என்கிறார். பஸ்ஸிலும் அதே சண்டை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கோபத்தில் திரும்பிப் பாராமல் நடந்துவிட்டேன். பிறகு பார்த்தால் ஆளில்லை. திரும்பி வந்து தேடினேன், வெற்றிலை துப்புகிறவன், கத்துகிற கொண்டக்டர், இடித்துக்கொண்டு போகிறவன் எல்லாரும் கண்ணில் பட்டார்கள், அவர் மட்டும் இல்லை. நம் ஒழுங்கையில் குடியிருக்கிற றஊப் தன் ஓட்டோவை விட்டு இறங்கி ஓடி வந்து, “மாமி, மாமா உங்களுக்கு முன்னாலதானே சரிஞ்சு கிடக்கிறார்” என்றான். பஸ்ஸுக்கு ஆட்கள் உட்கார்ந்திருக்கிற, நான் இரண்டு தரம் கடந்து போன அதே வாங்கில்! சட்டை வியர்வையில் நனைந்து, கை குளிர்ந்து கிடந்தது. சாப்பிடாததில் சீனி இறங்கிவிட்டது என்று றஊப்தான் சீனி கூடப் போட்ட பிளேன்டீ வாங்கிவந்து பருக்கினான். கண் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் சொல், “நாலு தரம் கை காட்டினன் பல்கீஸ், நீ என்னைப் பார்த்திட்டுத்தான் போனாய்.”

சத்தியம் பண்ணினேன், நம்பவில்லை. முப்பத்திநாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு, வீம்புக்கு விட்டுவிட்டுப் போவேன் என்று நினைத்துவிட்டாரே மகள், அதுதான் ஆறவில்லை. வாய் திறந்து குறை சொல்லவும் மாட்டார், தேத்தண்ணி கொடுத்தால் என் முகத்தைப் பாராமல் கோப்பையை வாங்குகிறார். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், வாப்பாவுக்கு நீ எடுத்துச் சொல். உம்மாவின் கண் திறந்துதான் இருந்தது, கோபம்தான் உங்களைக் காட்டவிடவில்லை என்று சொல். நான் சொன்னால் சாட்டுச் சொல்லித் தப்பப் பார்க்கிறாய் என்பார். இந்த மனிதரோடு கோபப்படாமல் இருக்க உங்கள் ஆராய்ச்சியில் வழி இருந்தால் அதையும் எழுது. இன்று காலையும் சாப்பிடாமல்தான் வெளிக்கிட்டார். பின்னாலேயே ஓடிப்போய் வாழைப்பழத்தைப் பொக்கற்றில் திணித்தேன், அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன், ஆள் நன்றாக மெலிந்து போனார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வீட்டில் இருப்பார், மறக்காமல் அவருக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் உம்மா பல்கீஸ்