ஊருக்கு எந்தப் பக்கம்

அப்பா,

இன்று காலை படப்பைக்கு அப்பால் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டிக்கொண்டு வந்தார். அடுக்களை வாசலுக்கு வந்ததும் காப்பி டிக்காஷன் வாசனை முகத்தில் அடித்தது. யாரோ அப்போதுதான் பொடியில் வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த புரோக்கர், "இன்னா மேடம், வெயில் ஒத்துக்கலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெயிலே இல்லை, வானம் மூடிக் கிடந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் இன்னும் வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீடு வேண்டும் என்று முதலில் கேட்டது நீதான். பெரம்பூரில் நாம் குடியிருந்தவை எல்லாமே மாடிப் போர்ஷன்கள். கீழே வீட்டுக்காரர் இருப்பார், மேலே நாம் சத்தம் வராமல் நடக்க வேண்டும். அம்மா இருந்தவரைக்கும் நீ ஒன்றும் சொன்னதில்லை. அம்மா போய், ரயில்வே பட்டறையிலிருந்து நீயும் ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாய்: "எனக்குத் தரையில ஒரு வாசப்படி வேணும்மா. கதவத் தொறந்தா மண்ணு தெரியணும்." நான் அப்போதும் ஒரகடத்து கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில்தான் இருந்தேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். "பஸ்லியே உனக்குப் பாதி ஆயுசு போவுது" என்பாய். பட்டணத்தை விட்டுவிட்டு, என் கம்பெனிக்குப் பக்கமாக ஏதாவது ஒரு கிராமத்தில் வீடு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். வங்கியில் கடன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். வீடு கிடைப்பது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தோம்.

நீ வீடு பார்க்கிற லட்சணம் எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. துணிப்பையில் ரசமட்டத்தைப் போட்டுக்கொண்டு வருவாய். தரையில் வைத்துக் குனிந்து பார்த்து, குமிழி நடுவில் நிற்கவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாய். சுவரை விரலால் தட்டுவாய். எல்லாக் குழாயையும் திறந்துவிடுவாய். கிணற்றுத் தண்ணீரை முதலில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அப்புறம் குடிப்பாய். பெருமழையில் தண்ணீர் எது வரைக்கும் ஏறியது என்று வீட்டுக்காரரைக் கேட்க மாட்டாய். எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் போய்க் கேட்பாய். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் எந்த வழியாகப் போகும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கடைசி பஸ் எப்போது என்று அடுக்குவாய். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

உனக்கு ஐம்பது கேள்வி இருந்தது. அவர்களுக்கு ஒரே கேள்விதான்.

முதல் தடவை அது மணிமங்கலம் போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் வந்தது. நீ சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாய். புரோக்கர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க சார், நீங்க இன்னா ஆளுங்க?" என்றார்.

"ஃபிட்டர்" என்றாய்.

"அது இல்ல சார்…"

"சீனியர் ஃபிட்டர்" என்றாய்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அந்த புரோக்கர் அதற்கப்புறம் ஃபோனை எடுக்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கேள்வி வேறு வேறு மாதிரி வந்தது. சொந்த ஊர் எது என்பார்கள். உத்திரமேரூர்ப் பக்கம் என்றால், அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். குலதெய்வம் எது என்பார்கள். நீ அசராமல் ஃபிட்டர் என்பாய். எனக்குத்தான் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

அப்புறம் அந்த வீடு. அந்த ஊரின் பெயரை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கார்த்திகை மாதம், ராத்திரியெல்லாம் மழை பெய்து காலையில்தான் விட்டிருந்தது. மெயின் ரோட்டில் சகதி முழங்கால் வரைக்கும் தெறித்தது. இந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை. நீ கூடத்தில் ரசமட்டத்தை வைத்தாய். குமிழி நடுவில் போய் நின்றது. திருப்பி வைத்தாய். அப்போதும் நடுவில்தான் நின்றது. நீ பின்பக்கம் போய்க் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இந்த வீட்டை எப்படியாவது உனக்கு வாங்கிவிட வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் தீர்மானித்துவிட்டேன்.

வீட்டுக்காரரின் மனைவி அடுக்களையிலிருந்து வந்தார். நல்ல மாதிரி. என் தாவணிப் பருவத்தில் அம்மா பார்த்தது போல வாஞ்சையாகப் பார்த்தார். "எந்த ஊரும்மா உங்களுது?" என்றார். சொன்னேன். "அங்க எந்தத் தெரு?"

நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "பெரிய தெரு." அதோடு நிற்கவில்லை. நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதியின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. "அப்போ நம்மாளுங்கதான்! அதானே, பாத்தாலே தெரியுதே" என்றார். உள்ளே போனார். கூடமெல்லாம் டிக்காஷன் மணந்தது. நல்ல டம்ளர் டபராவில் இரண்டு பேருக்கும் காப்பி வந்தது.

நீ என்னைப் பார்க்கவில்லை. காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாய். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சுடுகாடு ஊருக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாய்.

அவர் சிரித்தார். "வூடு பாக்க வந்துட்டு இன்னா பேச்சு இது? நம்மளுது ஊருக்கு மேற்கால கீது. ஏரிக்கு அந்தாண்ட ஒண்ணு கீது, அது அவங்களுது."

"சரிம்மா" என்று எழுந்துகொண்டாய்.

மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தோம். கார் ஏற்றிய நீள லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் கேட்டாய். "அந்த வூட்ல நான் செத்தா, என்னை எந்தப் பக்கம் எடுத்துனு போவ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டிக்கொண்டவளுக்கு வேறு என்ன வரும்? "நீ மட்டும் என்ன பண்ண? ஃபிட்டர் ஃபிட்டர்னு மழுப்பிக்கினு இருந்தல்ல?" என்று கத்தினேன். ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ கொஞ்சம் யோசித்தாய். "ஆமா. அதுவும் பயந்தான்" என்றாய். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாய்: "எத்தினி வருசமா இப்டி சொல்லிக்கினு கீற?"

"இன்னிக்குத்தாம்பா."

"புது போல்ட்டு மரையில கொஞ்சம் பிடிக்கும்மா. நீ சொன்னது வழுக்கிக்கினு போச்சி."

பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

மறுநாள் நீ அந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தாய். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "சார், எம் பொண்ணு நேத்து தப்பா சொல்லிட்டா. நாங்க காலனி ஆளுங்க. வூடு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்பவும் குடுக்கறதுன்னா சொல்லுங்க" என்றாய். அவர் என்ன சொன்னாரோ, "சரி சார், மெதுவா கேட்டுச் சொல்லுங்க" என்று வைத்தாய். என்னிடம் திரும்பி, "ஊர்ல கேட்டுச் சொல்றேன்னாரு" என்றாய்.

அதன் அர்த்தம் உனக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நீ காத்திருந்தாய், அப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தினமும் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டு வைத்தாய். குளிக்கப் போகும்போது, "அவுரு கூப்ட்டா எடு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். மூன்றாவது வாரம் புரோக்கர்தான் கூப்பிட்டார். வேறு பார்ட்டிக்கு முடிந்துவிட்டதாம். "அப்டியா" என்றாய். ரசமட்டத்தைப் பையோடு பரண் மேல் போட்டாய். அன்று நீ சாப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லி என்னத்தைக் கண்டோம் என்று நான் கேட்டேன். நீ திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் வீட்டைப் பற்றி நாம் பேசவே இல்லை.

மாசி மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பக்கத்துத் தெரு டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்குச் சொன்னேன். "நம்ம ஊருக்கே எடுத்துனு வந்துடும்மா, அவன் இங்கதான் கெடக்கணும்" என்று அழுதார். நம் மாடிப்படி குறுகல் என்பதால், உன்னை ஒரு நாற்காலியில் வைத்துக் கட்டி, நாலு பேர் திருப்பித் திருப்பி இறக்கினார்கள். தரையில் ஒரு வாசற்படி கேட்டவனை அப்படி இறக்கினார்களே என்று அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

என் லைனில் எனக்கு நெருக்கமானவள் ஒருத்தி இருக்கிறாளே, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஒருமுறை உனக்கு அல்வா கொடுத்தனுப்பினாளே, அவள் ஃபோன் செய்தாள். எல்லோரும் வேனில் வருகிறார்களாம், எந்த ஊர் என்று கேட்டாள். வேண்டாம், நேரமாகிவிடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா பிணமாகக் கிடக்கும்போதும் ஒருத்திக்கு அந்தப் புத்தி வந்தது என்றால் அவளை என்னவென்று சொல்வது? ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மத்தியானம் உன்னைப் பெரியப்பா வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. என் ஃபோன் அடித்தது.

"ஏட்டி, நாங்க ஊருக்குள்ள வந்துட்டோம். பெரிய தெருதான உங்க தெரு? நீதான சொல்லிருக்க. உங்க அப்பா பேரச் சொல்லிக் கேட்டா, இங்க அப்படி ஆளே இல்லங்காவ. சாவு வீடு ஒண்ணையும் காணோம். எந்தப் பக்கம் வரணும்?"

பெரிய தெருவில் வீடு வீடாக அவர்கள் உன்னைத் தேடியிருக்கிறார்கள், அப்பா. நான் அனுப்பிய இடத்தில்தான் தேடியிருக்கிறார்கள்.

உன்னைப் பார்த்தேன். நெற்றியில் ஒற்றை ரூபாய் ஒட்டியிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மேளத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பெரிய தெரு இல்லடி. ஊரை விட்டு வெளியே வாங்க. ஏரிக்கரையைத் தாண்டிக் கிழக்கால வந்தா காலனி. எங்க வூடு அங்கதான்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

"கிழக்கதான?" என்றாள். "சரி. இந்தா வாரோம்."

வேன் வந்தது. எல்லோரும் இறங்கவில்லை. இரண்டு பேர், தலைவலி என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் மாலையோடு வந்து உன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். உன்னை எடுக்கும் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால், குழாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சில பேர் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சில பேர் ஊரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறார்கள். நான் உன்னைப் போலக் காத்திருப்பதில்லை, அடுத்த ஞாயிறு வேறு ஊருக்குப் போய்விடுகிறேன். என்றாவது ஒருவர் சரி என்பார். அந்த வீட்டு வாசற்படி தரையில் இருக்கும்.

எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் சொல்லவில்லை. எத்தனை வருஷமாக என்று பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டது அப்படியே நிற்கிறது.

ஒன்பது வருஷம், அப்பா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கேன்டீன் மேஜையில் ஒருத்தி, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாள். முதல் தடவை சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ஒட்டவே இல்லை.