தளபதியின் கை அளவு

ஜூலை 3, வியாழன்

நாடகத்தில் யார் யாருக்கு என்ன வேடம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். தளபதி வேடம் எனக்கு இல்லை. ஒட்டகத்துக்கு.

ஒட்டகம் எனக்குப் பின் பெஞ்சில் உட்காருபவள். கழுத்து நீளம், கால் நீளம், கை நீளம், பொறுமை மட்டும் குட்டை. ஒரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். நான் நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தளபதி வசனம் மட்டுமல்ல, ராணி, ஒற்றன், வாயிற்காவலன் எல்லாருடையதும். என்ன பயன்? ஆள் எடுத்த அன்று என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை என்று நாடக டீச்சர் சொல்லிவிட்டார்.

பிறகு சமாதானம் போல ஆடை அலங்காரப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். போன வருடம் அட்டையில் செய்த கவசம் வியர்வையில் ஊறி, போர்க்களத்தின் நடுவில் பிய்ந்து விழுந்தது. எதிரிப் படையே சிரித்தது. இந்த வருடம் நிஜத் தோலில் வேண்டுமாம். தளபதிக்கு ஒரு பெல்ட், முன்கைக்கு இரண்டு கவசம், தோளுக்கு ஒன்று, வாளுக்கு உறை.

"நீதான் எதையும் படிச்சிடுவியே. இதையும் படிச்சு செஞ்சிடு" என்றார்.

பாராட்டா, கேலியா? தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு வருத்தமில்லை.

ஜூலை 4, வெள்ளி

வருத்தம் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

தோல் கிடைத்துவிட்டது. மேல் வீட்டில் பழைய சோபாவைத் தூக்கிப் போடுவதற்காக மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை. வாரம் முழுவதும் சோபா தூக்குகிறவர் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சோபாவின் முன்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது.

நான் கைப்பிடியில் கத்தியை வைக்கப் போனேன். அப்பா தடுத்தார். உட்காருகிற இடம், சாய்கிற இடம் மட்டும்தான் தோல், மற்றதெல்லாம் ரெக்சின் என்றார். ஓரத்தைப் பிரித்துப் பின்பக்கத்தைக் காட்டினார். தோலின் பின்பக்கம் பஞ்சுபோல் நார் நாராக இருந்தது. ரெக்சினுக்குப் பின்னால் வெறும் துணி.

"கடையில எல்லாரும் முன்பக்கத்தைத்தான் தடவிப் பாப்பாங்க. ஏமாறவும் செய்வாங்க" என்றார்.

கழித்ததெல்லாம் போக, ஒரு பெரிய துண்டும் சில சின்னத் துண்டுகளும் தேறின. பழுப்பு நிறம். யாரோ பல வருடம் உட்கார்ந்து தேய்ந்த நடுப்பகுதி மட்டும் வெளுத்திருக்கிறது. தளபதியின் தோளில் யாருடைய உட்காருமிடம் வரப்போகிறது என்று அம்மா கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்ததில் மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜூலை 8, செவ்வாய்

நூலகத்தில் தோல் வேலை பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. எடுத்து வந்துவிட்டேன். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கைபோல் இருக்கும் எதன் மேலாவது சுற்றிக் கட்டிக் காயவிட்டால், காய்ந்தபின் அந்த வடிவத்திலேயே விறைப்பாக நிற்குமாம். தண்ணீர்ப் பாட்டிலில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

நிற்கவில்லை. பாட்டிலை உருவியதும் ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டது. அவசரத்தில் தாண்டிப்போன முதல் அத்தியாயத்தை இப்போது படித்தேன். தோலில் இரண்டு வகை. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தியது தண்ணீருக்கு வளையும், நிற்கும். ரசாயனத்தில் பதப்படுத்தியது மெத்தென்று இருக்கும், சொன்ன பேச்சு கேட்காது. சோபாத் தோல் இரண்டாவது வகை.

முதல் அத்தியாயத்தைத் தாண்டியவள் நான்! ஒட்டகத்துக்குத் தெரிந்தால் போதும்.

ஜூலை 12, சனி

வழி கிடைத்தது. உடைந்த பிளாஸ்டிக் வாளியை அப்பா கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தார். வாளியின் வளைவே முன்கையின் வளைவு. கீழே ஒரு தோல், நடுவில் வாளி, மேலே ஒரு தோல். ஓரம் முழுக்கத் தைத்துவிட்டால் உள்ளே வாளி இருப்பது யாருக்கும் தெரியாது.

அம்மா, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையிலிருந்து கையுறை கொண்டுவந்தார், பசை ஒட்டாமலிருக்க. கையுறையோடு என்னைப் பார்த்துவிட்டு, "எந்தப் பல்லுமா வலிக்குது?" என்று சோபாத் துண்டிடம் கேட்டார் அப்பா.

ஜூலை 14, திங்கள்

மதிய இடைவேளையில் ஒட்டகம் வந்தாள். என்னை "லைப்ரரி" என்றுதான் கூப்பிடுவாள். அளவு எடுக்க வேண்டாமா, பள்ளி விட்டதும் நிற்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அளவெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அவள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் செய்தித்தாளில் மாதிரி வெட்டினேன். என் கையில் சுற்றிப் பார்த்து ஓரங்களைச் சரிசெய்தேன். அழகாக வந்திருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

தோல் தைப்பது துணி தைப்பது மாதிரி இல்லை. ஊசி தானாக உள்ளே போகாது. முதலில் குத்தூசியால் ஓட்டை போட வேண்டும். அப்புறம் மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கை கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது. மனம் வேறெங்கோ போய்விடுகிறது.

அம்மாவின் காய் வெட்டும் பலகையை அடியில் வைத்துத்தான் குத்தினேன். இப்போது அதில் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் சொட்டும். அம்மா பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓட்டைகள் வழியாக என்னையும் பார்த்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

முடிந்தது! கையில் கயிறு கோத்துக் கட்டும் கவசங்கள், தோளுக்கான துண்டு, பெல்ட், உறை எல்லாம். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்ததும் தோல் ஆழ்ந்த பழுப்பாகிவிட்டது. பக்கிள் மட்டும் அப்பாவின் பழைய பெல்ட்டிலிருந்து.

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். கச்சிதம். தளபதி கையை உயர்த்திச் சொல்லும் வசனத்தைச் சொன்னேன்: "என் கை இருக்கும்வரை இந்தக் கோட்டைக்குக் கதவு தேவையில்லை."

திரும்பினால் வாசலில் அம்மா.

"சத்தமா சொல்லிப் பாக்கறதுதானே. அடுப்படிக்கே கேக்கல."

"சும்மா, கவசம் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.

"உனக்கு ரொம்ப சரியா இருக்கு" என்றார் அம்மா.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஒத்திகையில் கொடுத்தேன்.

சேரவில்லை. எதுவுமே சேரவில்லை. கயிறு கோக்கும் ஓட்டைகள் இந்தக் கரையும் அந்தக் கரையுமாக நின்றன. இழுத்துக் கட்டியதும் ஒட்டகத்துக்கு விரல்கள் சிவந்துவிட்டன. தோள் கவசம் குழந்தைக்குக் கட்டும் எச்சில் துணி மாதிரி கழுத்தடியில் நின்றது. கையை உயர்த்தினாள் -- கயிறு பட்டென்று அறுந்தது. வாயிற்காவலனாக நடிப்பவள் கீழே உட்கார்ந்து சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒட்டகம் சிரிக்கவில்லை. கழற்றி என் கையில் வைத்துப் பார்த்தாள். மூடி போட்டதுபோல் பொருந்தியது.

"இது உனக்கு அளவெடுத்தது" என்றாள்.

மறுபடி தன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் கை தடியா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க. நீ அளக்கும்போது என்ன சொல்வியோன்னு பயந்துக்கிட்டே வந்தேன் அன்னைக்கு. நீ தொடக்கூட இல்ல."

அவ்வளவுதான். போய்விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் போன வருடம் மாதிரி அட்டைதான் என்று டீச்சர் சொன்னார்.

அவளை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லையே. இத்தனை நாள் குத்திக் குத்தித் தைச்சேனே, ஒரு தடவைகூட அவ கை எப்படி இருக்கும்னு தோணலையே. கயிறு கட்டினது நான், எண்ணெய் தடவினது நான், கண்ணாடி முன்னாடி நின்னதும் நான். யாருக்காகச் செஞ்சேன்? இதுல எனக்கு வருத்தமில்லைன்னு வேற எழுதி வெச்சிருக்கேன்.

ஜூலை 23, புதன்

காலையில் அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டகம் குழாயடியில் நின்றிருந்தாள்.

"கையை நீட்டு" என்றேன்.

"எதுக்கு? அட்டையே போதும்."

"அட்டை வேணாம். நீட்டு."

நீட்டவில்லை. நான் நாடாவைப் பிடித்தபடி நின்றேன். மணி அடித்தது. வரிசையில் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் நகரவில்லை. "ஒட்டகத்துக்கு முன்னாடி கழுதை மாதிரி நிக்கிறியே" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் சட்டைக் கையை மடித்தாள்.

முன்கை முழுக்க நீல மையில் எழுத்து. தளபதியின் வசனங்கள். பாதி வியர்வையில் கலைந்திருந்தது.

"படிச்சா தலையில நிக்க மாட்டேங்குது. கையில எழுதிக்கிட்டா ஒரு தைரியம்" என்றாள். "டீச்சர்கிட்ட சொல்லிடாதே லைப்ரரி. ஆள மாத்திடுவாங்க."

எனக்கு அந்த நாடகம் முழுக்கத் தெரியும். மாற்றினால் யாருக்குப் போகும் என்றும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

மணிக்கட்டு, நடுக்கை, முழங்கைக்குக் கீழே என்று மூன்று இடத்தில் அளந்தேன். தோளையும் அளந்தேன். உள்ளே முழுக்கைச் சட்டை வரும் என்பதால் விரல் நுழையும் அளவு கூட்டிக்கொண்டேன். தடியான கை இல்லை அது. நீளமான, பலமான கை. அதைச் சொன்னேன்.

"அளந்துட்டுதான் சொல்றியா?" என்றாள்.

"அளந்துட்டுதான் சொல்றேன்."

பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். டீச்சரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

பெல்ட் சுலபம், ஓட்டைகள் தள்ளிப் போட்டால் போதும். கவசங்கள்தான் சிக்கல். துணியைப் பிரித்தால் தையல் தடம் மறைந்துவிடும். தோலில் ஒருமுறை குத்திய ஓட்டை ஓட்டைதான். பிரித்துவிட்டுப் பார்த்தால் ஓரம் முழுக்கச் சல்லடை. புதிதாக வெட்டவோ பெரிய துண்டு கிடையாது. நேற்று இருவரும் மாறி மாறி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டகம் வாசலில் விட்டிருந்த தன் ஷூவை எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். அம்மா வரப்போகிறார் என்று நான் பதறினேன். அவள் கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கை இழுத்துக் காட்டினாள். "இந்த மாதிரி நடுவுல ஒண்ணு வெச்சா?"

அதே. கவசத்தின் இரண்டு கரைகளுக்கும் நடுவில் ஒரு பட்டை. அதன் ஓரங்கள் பழைய ஓட்டைகளை மூடிவிடும். சோபாவின் மெத்தைக்கு அடியில் மடிந்திருந்த தோல் கொஞ்சம் மீதமிருந்தது. வெயிலே படாததால் கிட்டத்தட்ட கறுப்பு. நிறம் சேரவில்லையே என்றேன். சேராதது நல்லதுதான், வேண்டுமென்றே வைத்தது மாதிரி இருக்கும் என்றாள்.

இன்று அவள் பிடித்துக்கொள்ள நான் குத்தினேன். பலகை அதே பலகை, அம்மாவே எடுத்துக் கொடுத்தார், "இனிமே அது உன்னோடதுதான்" என்று. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வரி என்று வைத்துக்கொண்டோம். நான் வரியின் முதல் சொல்லைச் சொல்வேன், அவள் முடிக்க வேண்டும். முடித்தால்தான் அடுத்த ஓட்டை. கடைசிக் கவசத்துக்கு வரும்போது நான் முதல் சொல்லைச் சொல்வதையே நிறுத்திவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இவ குரல் அடுப்படிக்கு நல்லா கேக்குது" என்று அம்மா உள்ளிருந்து சொன்னார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கொஞ்சம்தான்.

ஜூலை 25, வெள்ளி

பொருந்தியது. கையை உயர்த்தினாள். எதுவும் அறுந்துபோகவில்லை. டீச்சர் கறுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தளபதிக்கு மட்டும் இருக்கற அடையாளமா? எந்தப் புத்தகத்துல பாத்தே?" என்று கேட்டார்.

"ஷூவுல" என்றாள் ஒட்டகம்.

ஜூலை 31, வியாழன்

தினமும் ஒத்திகை. அவள் கவசத்தைக் கழற்றுவதே இல்லை. அதோடுதான் எழுதுகிறாள், அதோடுதான் சாப்பிடுகிறாள். கணக்கு டீச்சர் போருக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு, உங்கள் வகுப்புக்குத்தான் டீச்சர் என்றாள். வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். கவசத்தோடுதான் நின்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாடகம் நடந்தது. நான் திரைக்குப் பக்கத்தில், கையில் வசனத் தாளோடும் ஊசி நூலோடும். இரண்டுமே தேவைப்படவில்லை.

"என் கை இருக்கும்வரை" என்று அவள் கையை உயர்த்தியபோது கடைசி வரிசையில் யாரோ இருமியது நின்றது. நான் இந்த வரியை மூன்றாவது பெஞ்சுக்குச் சொன்னேன். அவள் கடைசி வரிசைக்குச் சொன்னாள். அது வேறு வரி மாதிரி இருந்தது.

முடிந்ததும் வியர்வையோடு என்மேல் வந்து விழுந்தாள். வாளி நசுங்கும் சத்தம் கேட்டது.

"அடுத்த வருஷம் நீ நில்லு. நான் தைக்கிறேன்."

"ஊசியில நூல் கோக்கத் தெரியுமா உனக்கு?"

"புத்தகம் இருக்குல்ல. படிச்சுக்கறேன்."

"முதல் அத்தியாயத்தையும் சேத்துப் படி" என்றேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கவசங்களை எண்ணெய் தடவி வைக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செய்தது நீதான், நீயே வைத்துக்கொள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

தண்ணீருக்கு வளையாத தோல் இது. பாட்டிலில் கட்டியும் நிற்காதது. உள்ளே இருக்கும் வாளி வளைவை மட்டும்தான் தரும்; இப்போது மேசைமேல் வெறுமனே வைத்தாலும் தோல் அவள் கைபோலவே நிற்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு மேடு, முழங்கை மடிப்புக்கு மூன்று கோடு, உள்பக்கத்தில் நீல மையின் சாயல். இத்தனை நாள் ஒத்திகையின் சூட்டில் ஆகியிருக்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

பீரோக் கண்ணாடி முன்னால் போய் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். கயிற்றைக் கடைசிவரை இழுத்தும் கையில் சுழன்றது.

கழற்றி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, நாளைக்கு அவளிடம் கொடுப்பதற்காகப் பள்ளிப் பையில் வைத்துவிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வெறுங்கையோடு அந்த வரியைச் சொன்னேன்.

"கேக்குது" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.