ஜிம்மி மேல் விழுந்த பழி

மே 11, சனி

மழை. முழங்கால் வலி. இவை போதாதென்று பெரியாயியின் சேவலைக் காணவில்லை.

பெரியாயி எங்கள் லய வீட்டு வரிசையில் என் பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த அறை. ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வாய் கிடைக்காது. இந்த மாதம் எங்கள் மலையில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்குகிறது. தேயிலையில் கத்தி வைக்குமுன் கவ்வாத்துச் சாமிக்குக் கொடுக்கவென்று நேர்ந்துவிட்ட சேவல் அது. விடிந்ததும் என் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று, "வாச்சரண்ணே, ஒங்க நாயை வாயைத் தொறந்து காட்டச் சொல்லுங்க" என்றாள். ஜிம்மி என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கிறான்?

"நாயி திங்கல. ஓடையில மீன்பிடிப் பூனை இருக்கு. அதோட வேலை" என்றேன். அது நாயளவு இருக்கும், உடம்பெல்லாம் புள்ளி, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும் காட்டுப் பூனை. தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் வேலையில் இருந்த காலத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

"பாத்தது நீங்க மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மே 12, ஞாயிறு

கோயில் கமிட்டியில் என் நாய்க்கு விசாரணை. தலைவர் சதீஸ்குமார், என் தோளில் மூத்திரம் போன பயல், "மாமா, இன்னொரு கோழி போச்சுன்னா நாயைக் கொண்டுபோய் நமுனுகுல மலைப் பக்கம் விட்டுருவோம்" என்கிறான். ஜிம்மிக்கு அங்கே யாரைத் தெரியும்? இடி இடித்தால் என் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவன். வீட்டுக்காரி போனபிறகு இந்தக் காம்பராவில் மூச்சு விடுவது நானும் அவனும்தான்.

மே 16, வியாழன்

பண்டாரவளையிலிருந்து பர்ஸானா என்று ஒரு பிள்ளை வந்திருக்கிறது. பல்கலைக்கழக ஆராய்ச்சி. தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் ஓடைக்கரைப் புதர்ப் பற்றைகளில் என்னென்ன பிராணிகள் வாழ்கின்றன, எதைத் தின்கின்றன என்று பார்க்கிறதாம். இத்தனை வருடம் நான் பார்த்ததும் அதைத்தானே. ஒருவர் வந்து கேட்டதுண்டா?

பெரியாயியின் கோழிக்கூட்டடியில் இருந்த தடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "ஐயா, நகம் பதிஞ்சிருக்கு. பூனை நடக்கையில நகத்தப் பெரும்பாலும் உள்ளுக்கு இழுத்துக்கும், தடமும் வட்டமா இருக்கும். இது நாய்."

அவசரத்தில் இழுக்க மறந்திருக்கும் என்றேன். அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

சூடான உடம்பு எதுவும் முன்னால் அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் பெட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். ஓடை வளைவில் கட்ட வேண்டும் என்றாள். இல்லை, கவ்வாத்துச் சாமிக் கல் இருக்கும் சாமி மரத்தில்தான் கட்ட வேண்டும், கோழிக்கூட்டுக்கு அதுதான் வழி என்றேன். வாதாடி ஜெயித்தேன். ராவும் பகலும் வேலை செய்யும் பெட்டி என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மே 20, திங்கள்

பெரியாயியின் பொட்டைக் கோழியும் போய்விட்டது. சதீஸ்குமார் கயிற்றோடு வந்தான். படம் வரும்வரை கெடு வாங்கினேன்.

ஜிம்மி இன்று சோற்றைத் தொடவில்லை. இப்படிப் பழி சுமத்தினால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?

மே 24, வெள்ளி

கவ்வாத்துச் சாமி பூசை. சாமி மரத்தடிக் கல்லுக்கு முன்னால் கத்திகளை வரிசையாக வைத்து, சந்தனம், குங்குமம். சேவலுக்குப் பதில் பூசணிக்காய். நான் போகவில்லை. றோட்டில் நின்று பார்த்தேன். அது போனதாகாது.

ஜூன் 1, சனி

பர்ஸானா மடிக்கணினியில் படங்களைக் காட்டினாள். முதலில் முள்ளம்பன்றி. பிறகு சருகுமான். பிறகு நான். அதற்குப் பிறகும் நான். "இங்க அதிகமா நடமாடுற பிராணி நீங்கதான் ஐயா." பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டாமா?

பூசை நாளிலிருந்து எல்லாம் ஒரே சிவப்பு. போய்ப் பார்த்தால் பெட்டியின் கண்ணில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். யார் கை என்று கேட்கவா வேண்டும்?

"கத்திக்கு வச்சோம், கூடைக்கு வச்சோம்" என்றாள் பெரியாயி. "ராவும் பகலும் வேலை செய்யிற பெட்டின்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க. அதை மட்டும் பொட்டு இல்லாம விட்டா நல்லாவா இருக்கும்?"

"அதுக்குக் கண்ணுலயா வைப்பாங்க?"

"மூஞ்சி எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்!"

பர்ஸானா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பெட்டியைத் துடைத்து, அவள் முதலில் சொன்ன ஓடை வளைவிலேயே கட்டினாள். நான் தடுக்கவில்லை. முழங்கால் வலி.

ஒரு நல்ல செய்தி. நான் சொல்லிச் சொல்லிச் சதீஸ்குமார் மனம் மாறிவிட்டான். "பூனைதான்னா ஓடைக்கரையில கம்பிக் கண்ணி வச்சிருவோம் மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை." கடைசியில் ஒருவனாவது என்னை நம்பினான்.

ஜூன் 8, சனி

பூனை! முன்கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, வாயில் மீனோடு. கரையில் இரண்டு குட்டிகள். பர்ஸானா துள்ளினாள். "ஐயா, நீங்க சொன்னது மெய்தான்! ஆனா பாருங்க, எல்லாப் படத்துலயும் மீனும் நண்டுந்தான்."

அடுத்த படம். ஒரு நாய், வாயில் முந்தாநாள் காணாமல் போன பெரியாயியின் வெள்ளைக் கோழி.

"அது ஜிம்மி இல்ல" என்றேன்.

"கழுத்துல நீலக் கட்டம் போட்ட துணி கட்டியிருக்கு, ஐயா."

நான் உடுத்திப் பழசான சாரத்தில் கிழித்துக் கட்டியது.

"நீலச் சாரம் ஊர்ல நெறையப் பேருகிட்ட இருக்கு."

அவள் கணினியை மூடினாள். "எனக்கு வேண்டியது பூனைதான். நாய்ப் படத்த நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

நல்ல பிள்ளை. பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை? கண்ணியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் பூனை தண்ணீர் குடிக்க வரும், கழுத்தை விடும். குட்டிகள் கரையில் நிற்கும். நான் வாயை மூடிக்கொண்டால் ஜிம்மி கட்டிலுக்கு அடியில். திறந்தால்— சனியன் பிடிச்ச நாயே, ஏன்டா தின்ன? நான் சோறு போடலையா?

ஜூன் 9, ஞாயிறு

பர்ஸானாவிடம் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு கண்ணி வைக்கும் இடத்துக்கே போனேன். இரண்டு படத்தையும் காட்டச் சொன்னேன். சதீஸ்குமார் கம்பியைச் சுருட்டினான். "அப்ப நாயைக் குடுங்க மாமா."

நான் கொடுக்கவில்லை.

பெரியாயி வாயைத் திறந்தாள். "ஒனக்கு அறிவிருக்கா தம்பி? சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது வயித்துல போயிருக்கு. இனி அது சாமி நாயி. அதைத் தொரத்திவிட்டு, நாளைக்குக் கவ்வாத்து வெட்டுற புள்ளைக காலுல கத்தி பட்டா நீயா பதில் சொல்லுவ?"

சதீஸ்குமார் சுருட்டிய கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"வாச்சரண்ணே, நாயைக் கட்டி வைங்க. சாமிக்குச் சேவல் ஒண்ணு வளத்துக் குடுங்க" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. இருக்காது.

ஜூன் 21, வெள்ளி

பர்ஸானா பூனைப் படத்தைச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள். சுவரில் மாட்டினேன். பெரியாயி கேட்காமலே உள்ளே வந்து பொட்டு வைத்தாள். இந்தத் தடவை கண்ணை விட்டுவிட்டு, நெற்றியில்.

சேவல் குஞ்சு இஸ்தோப்பில், கொழுந்துக் கூடைக்கு அடியில் வளர்கிறது. ஜிம்மி கட்டிய இடத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கோழியோடு படத்தில் இருந்தது அவன் இல்லை என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை.

கயிற்றை மட்டும் இன்று ஒரு முழம் குறைத்தேன்.